வி.ஐ.பி. என்னும் சொல்லும் பழவேற்காட்டுப் பாடும்

நாற்காலியின் முதுகில் ஒட்டப்பட்ட ஒரு வெள்ளைத் தாளே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று. அத்தாளில் மூன்றே எழுத்துகள்: வி.ஐ.பி. அவற்றைச் சிவப்பு மையால் பெரிதாக எழுதிப் பசை தடவி அரங்கின் முதல் வரிசை நாற்காலிகள் பன்னிரண்டிலும் ஒட்டச் செய்தவன் நானே.

சில ஆண்டுகளுக்கு முன், நான் அந்நாளில் பணியாற்றிய ஒரு கல்லூரியில் முத்தமிழ் விழா நடைபெற்றது. பேச்சுப் போட்டியில் முதற்பரிசு பெற்ற மாணவன் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள மீனவக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவன். மகன் பரிசு பெறுவதைக் காண அவன் தந்தையாரையும் அழைத்திருந்தோம். பத்து மணி விழாவுக்கு அவர் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. அரங்கு காலியாக இருந்தமையால் முதல் வரிசையில் ஓரமாக அமர்ந்தார். தொண்டர் படை மாணவன் ஒருவன், நான் இட்ட கட்டளைப்படியே, அவரை எழுப்பி ஒன்பதாம் வரிசைக்கு அனுப்பினான். சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாழ்ந்து வந்தார். முதல் வரிசையில் நான்கு நாற்காலிகள் விழா முடியும்வரை வெறுமையாகவே இருந்தன.

விழா முடிந்தபின் அவரைத் தேடிச் சென்று, "ஐயா, பொறுத்துக்கொள்ள வேண்டும், பிள்ளைகள் தெரியாமல் செய்துவிட்டார்கள்" என்றேன். (பிள்ளைகள்மேல் பழியைப் போட்டது என் இரண்டாவது பிழை.) அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதுக்கென்ன சார். எங்க ஊர்ல பாடு பிரிக்கிற அன்னிக்கு நாற்காலியே கெடையாது. பெரியதனக்காரருக்கும் மணல்தான், எனக்கும் மணல்தான். அந்தப் பழக்கத்துல போயி உக்காந்துட்டேன்."

அவர் மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. வகுப்பறையில் சொல்லாராய்ச்சி நடத்தி ஊதியம் பெறுகின்ற நான், நாள்தோறும் வாயில் வழங்கும் அந்த மூன்றெழுத்தை ஒருநாளேனும் ஆராய்ந்ததில்லையே என்ற நாணம் அன்றுதான் தோன்றியது.

வி.ஐ.பி. என்பது முழுச்சொல் அன்று. 'மிகவும் முக்கியமான ஆள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம். 1930களிலேயே அச்சில் தலைகாட்டியதாயினும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைத்துறை வானூர்திப் பயண ஏற்பாடுகளின் வழியாகவே அது நாடெங்கும் பரவியது என்பர். உயர் பதவியினர் பறந்து செல்கையில் அவர்தம் பெயரை வெளிப்படையாக எழுதாமல், 'இவருக்குத் தனிக் கவனம் வேண்டும்' என்று மட்டும் குறிப்பதற்குப் பயன்பட்ட அலுவலகக் குறியீடு அது. மூட்டைமேல் 'உடையும் பொருள்' என்று எழுதுவதில்லையா? ஏறத்தாழ அது போன்றதே. அவ்வாள் நல்லவரா, கற்றவரா, கொடையாளரா என்பது பற்றி அச்சுருக்கம் ஒன்றும் கூறாது. அவரை எவ்வாறு கையாள வேண்டும் என்பதை மட்டுமே கூறும்.

இதனோடு ஆங்கிலத்தில் வழங்கும் பிற சொற்களை ஒப்புநோக்குதல் நலம். 'லூமினரி' என்பதில் விளக்கு இருக்கிறது. பிறர்க்கு ஒளி தருபவர் என்னும் குறிப்பு உண்டு. 'செலிபிரிட்டி' என்பதன் இலத்தீன் வேர், மக்கள் நெருக்கமாகக் கூடும் இடத்தைச் சுட்டியது. கூட்டம் மொய்ப்பதே அங்குப் புகழுக்கு இலக்கணம். 'பிக்விக்' என்பது பெரிய பொய்ம்முடிக்காரர் என்னும் பொருளது. முற்காலத்து ஐரோப்பாவில் நீதிபதிகளும் பிரபுக்களும் தோள்வரை தொங்கும் பொய்ம்முடி அணிந்தமையால் எழுந்த கேலிச்சொல். கேலியாயினும் அதில் ஓர் ஆள் தென்படுகிறார். வி.ஐ.பி.யிலோ ஆளே இல்லை, ஏற்பாடு மட்டுமே உண்டு.

நம்மவர் அதனை மொழிபெயர்க்க முயன்று 'மிக முக்கியப் பிரமுகர்' என்றனர். இதைவிட வேடிக்கை வேறில்லை. 'முகம்' என்னும் வடசொல்லடியாகப் பிறந்ததே 'முக்கியம்'. முன்னிற்கும் முகமுடையார் 'பிரமுகர்'. ஆக, முகத்தின்மேல் முகம் வைத்து அதற்குமேல் 'மிக' என்றும் ஒட்டியாயிற்று. அதுவும் போதாமல் அண்மைக் காலத்தில் 'மிக மிக முக்கியப் பிரமுகர்' என்றும் எழுதுகின்றனர். பிரமுகர் என்ற சொல்லே தன் வலுவை இழந்து வருவதனால்தான் இத்தனை முட்டுக்கொடுக்க வேண்டியுள்ளது.

பொதுமக்கள் வழக்கில் இம்மூன்றெழுத்து அடைந்த பொருள் விரிவு சுவையானது. கோயிலில் வி.ஐ.பி. தரிசனம், மருத்துவமனையில் வி.ஐ.பி. அறை, கையில் எடுத்துச் செல்லும் பெட்டியின் வணிகப்பெயரும் வி.ஐ.பி. இவற்றுக்கெல்லாம் விடைகூறுவது போல 2014இல் வெளிவந்த ஒரு திரைப்படம், 'வேலையில்லா பட்டதாரி' என்னும் தன் பெயரை அதே மூன்றெழுத்தாகச் சுருக்கிக்கொண்டது. மாணவர்கள் அதைச் சொல்லிச் சிரித்தனர். அச்சிரிப்பில் இருந்த திறனாய்வு நம் மேடைகளில் பலர் நிகழ்த்தும் உரைகளில் இல்லை என்பது என் துணிபு.

இனி, நம் பழஞ்சொற்களைப் பார்ப்போம். 'சால்' என்னும் வேரினின்றும் பிறந்த சொல் 'சான்றோர்'. சங்க நூல்களில் வீரரையும் குறித்து, பின்னர் நற்பண்புகள் நிறைந்தவரைக் குறித்து நின்றது. அதன் உட்பொருள் நிறைவு. திருவள்ளுவர் பெரியோர் பற்றிப் பேச 'பெரியாரைத் துணைக்கோடல்', 'பெரியாரைப் பிழையாமை', 'பெருமை', 'சான்றாண்மை' எனத் தனித்தனி அதிகாரங்களே வகுத்தார். அவற்றுள் எங்கும் பெரியார்க்குத் தனியிடம் ஒதுக்குமாறு சொல்லவில்லை. பெரியார் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதே அங்குப் பேச்சு.

நூல்வழக்கு ஒருபுறம் இருக்க, அந்த மீனவர் வாயிலிருந்து வந்த 'பெரியதனக்காரர்', 'பாடு' என்னும் இரு சொற்களே என்னை மீண்டும் மீண்டும் ஈர்த்தன. என் தாயாரின் பிறந்தகம் பழவேற்காடு. சிறுவயதில் விடுமுறைதோறும் அங்குச் சென்றிருக்கிறேன். ஆயினும் அச்சொற்களை அதுவரை நான் சொற்களாகக் கருதியதில்லை. வீட்டுக் கிணற்று நீரின் சுவையை யார்தாம் ஆராய்கின்றனர்?

பழவேற்காட்டு ஏரி இந்தியாவின் உவர்நீர்க் காயல்களுள் சிலிகாவுக்கு அடுத்த பெரிய காயல். பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் அமைந்தது. ஆழம் குறைந்த அந்நீர்ப்பரப்பில் இறால் ஓடும் நல்ல இடங்கள் எல்லாத் திசையிலும் இல்லை. கடலோடு ஏரி கலக்கும் முகத்துவாரத்தை அடுத்து, நீரோட்டம் மிகுந்த சில இடங்களிலேயே வலை கட்டினால் பலன் உண்டு. இடமோ குறைவு, குடும்பங்களோ மிகுதி. வலுத்தவன் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால் ஏரி என்றோ கலவரக் களமாகியிருக்கும். அதற்கு நம் மீனவ முன்னோர் கண்ட வழியே பாடு. எந்தக் குழுவினர் எந்நாளில் எவ்விடத்தில் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பர். இன்று நல்ல இடம் பெற்றவர் அடுத்த முறையில் விலகி நிற்பார். இத்தகைய முறை கொச்சிக் காயலிலும் இலங்கையின் சில களப்புகளிலும் இப்பெயராலேயே வழங்கியுள்ளமை அறிஞர்களால் ஆராயப்பட்டுள்ளது.

'பாடு' என்ற சொல்லைப் பாருங்கள். 'பாடுபட்டான்' என்றால் உழைத்தான், துன்புற்றான். 'அவன் பாடு அவனுக்கு' என்றால் அவனவன் நிலை. ஏரிக்கரையில் பாடு என்றால் முறையாக வரும் உரிமைப் பங்கு. உழைப்பும் உரிமையும் ஒரே சொல்லில் அடங்கிக் கிடக்கின்றன. ஏரிக்குச் சென்று வலையோடு நில்லாதவனுக்கு அச்சொல்லில் இடமில்லை.

அம்முறையில் எண்ணிக்கைக்கு அடிப்படை தலைக்கட்டு. ஊர்வரியாயினும் பாடாயினும் தலைக்கட்டைக் கொண்டே கணக்கிடுவர். தலைக்கட்டு என்பதற்குத் தலைப்பாகை என்றும் பொருளுண்டு. ஆங்கிலேயன் பெரிய பொய்ம்முடி அணிந்தவனைப் பிரித்தெடுத்துப் பெரியவன் என்றான். நம் கரையில் தலைப்பாகை கட்டிய ஒவ்வொருவனும் ஊரில் ஓர் எண். பத்துத் தலைக்கட்டு உள்ள ஊரில் பத்துப்பேரும் முக்கியமானவர்கள், யாரும் 'மிக' முக்கியமானவர் அல்லர்.

'பெரியதனம்' என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஊர்த்தலைமையைக் குறிக்கும் அச்சொல்லில் வரும் தனம் செல்வத்தைக் குறிக்கும் வடசொல் என்று மாணவர் சிலர் மயங்குவதுண்டு. குழந்தைத்தனம், பெருந்தன்மை என்பவற்றிற்போலத் தன்மை குறித்து வந்ததே அது. பெரியதனக்காரர் என்றால் பெரும்பணக்காரர் அல்லர், பெரியவராய் இருக்கும் பொறுப்பைச் சுமப்பவர். வலை அறுந்தால் வழக்குக் கேட்க வேண்டும். இரு குப்பங்களுக்குள் தகராறு எழுந்தால் நள்ளிரவிலும் எழுந்து போக வேண்டும். சீட்டில் தன் பெயர் பின்தங்கினால் வாய்மூடி இருக்க வேண்டும். இவற்றை எனக்கு விளக்கியவரும் அந்த மாணவனின் தந்தையாரே. அவர் ஊருக்கு நான் பின்னர் இருமுறை சென்றேன்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவன் ஆவேன். பாடு குறைகளற்ற பொன்னுலகம் அன்று. அவ்வுரிமை நெடுங்காலம் பட்டினவர் சமூகத்துக்கே உரியதாய் இருந்தது. சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவும் ஏழைக் குடிகளுக்கு அதில் பங்கில்லை. இறால் ஏற்றுமதியால் விலை கூடியபின் பிறரும் ஏரியை நாடினர், பூசல்களும் எழுந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, தலைக்கட்டு என்ற எண்ணிக்கையில் பெண் இல்லை. கூடை சுமந்து மீன் விற்று வீட்டைத் தாங்கும் பெண்ணுக்கு அந்தக் கணக்கேட்டில் தலையே இல்லை. சீட்டுப் போட்டு நீதி செய்த அறிவு, சீட்டில் யார் பெயர் எழுதப்படுகிறது என்பதைக் கேட்கத் தவறிவிட்டது.

நம் சமூகத்துப் பெண்களையும் இங்கு நினைக்கிறேன். பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் சாயமேற்றிப் பெட்டிகளும் கூடைகளும் முடைவதில் பெயர் பெற்றவர்கள். என் பெரியம்மா அக்கைத்தொழிலில் வல்லவர். பார்வை மங்கிய பின்னும் விரல் தவறாது. மேற்சொன்ன விழாவில் சிறப்பு விருந்தினர்க்கு நினைவுப்பரிசாக நாங்கள் வழங்கியது அவ்வூர் ஓலைப்பெட்டிதான். பெட்டியைப் பெற்றவர் பெயர் அழைப்பிதழில் மூன்று பட்டங்களோடு அச்சாகியிருந்தது. முடைந்தவர் பெயரை எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அழைப்பிதழ் என்றதும் பட்டங்கள் நினைவுக்கு வருகின்றன. நம் சமுதாய மேடைகளில் 'ஜனாப்' என்கிறோம். அது அரபியில் பக்கத்தையும் முற்றத்தையும் குறித்து, பின்பு மரியாதைச் சொல்லானது. 'ஹஸ்ரத்' என்கிறோம், அதன் பொருள் முன்னிலை. பழந்தமிழ்க் கடிதங்களில் 'அவர்கள் சமுகத்துக்கு' என்று எழுதியதும் அதே பொருளில்தான். ஒருவர் முன்னிலையில் நாம் நிற்கிறோம் என்னும் பணிவு அச்சொற்களில் இருக்கிறது. 'நவாப்' என்பதன் கதை இன்னும் சுவையானது. அரபியில் 'நாயிப்' என்றால் பதிலாள். அதன் பன்மையே நவாப் ஆயிற்று. பிறர்க்காக நின்று கடமையாற்றுபவர் என்பது மூலப்பொருள். ஆர்க்காட்டிலும் வங்காளத்திலும் பொருள்குவித்துத் திரும்பிய கும்பினியாரை ஆங்கிலேயர் அச்சொல்லின் திரிபான 'நபாப்' என்னும் பெயரால் எள்ளினர். 1772இல் இலண்டனில் அப்பெயரில் ஒரு நாடகமே அரங்கேறியது. கடமையைக் குறித்த சொல் கொள்ளையைக் குறிக்கும் சொல்லாக மாறுவதற்கு ஒரு தலைமுறைகூடத் தேவைப்படவில்லை.

'மரைக்காயர்' என்ற பெயரையும் எண்ணிப் பார்க்கலாம். அரபியின் 'மர்கப்' என்பதிலிருந்து வந்தது என்பார் உளர். தமிழின் மரக்கலத்திலிருந்து வந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும் கப்பல் அதில் இருக்கிறது. கடலில் செல்லும் தொழிலே பெயராகி, பெருமையாகி நின்றது. கீழக்கரையின் சீதக்காதி என்னும் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர் இறந்த பின்னும் கொடுத்தவராகப் பழமொழியில் வாழ்கிறார். அவர் எந்த வரிசையில் அமர்ந்தார் என்று யாருக்கும் தெரியாது, கேட்பாரும் இல்லை.

பழவேற்காட்டிலேயே இதற்கு மாறான காட்சி ஒன்றும் உண்டு. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டினர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் அதுவே. அவர்தம் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இன்றும் இருக்கிறது. குலச்சின்னங்களும் பதவிப்பெயர்களும் கல்லில் அழகுற வெட்டப்பட்டிருக்கின்றன. அக்காலத்து வி.ஐ.பி.க்கள் அவர்கள். வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்களையும் அவர்களே செதுக்கி வைத்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். பதவியின் எல்லை அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. ஊர்மக்கள் அந்தப் பெயர்களுள் ஒன்றையும் அறியார். ஊரின் பெயரோ துணியில் ஏறி உலகெங்கும் சென்றது. பழவேற்காட்டின் பெயர் தாங்கிய கட்டம்போட்ட கைலிகளையும் கைக்குட்டைகளையும் உடுத்தவர், பெரும்பாலும் எவராலும் பிரமுகர் என்று அழைக்கப்படாத மக்கள்.

ஏரியின் மறுகரையில் ஸ்ரீஹரிகோட்டா. 1971 முதல் அங்கிருந்து ஏவூர்திகள் விண்ணில் செலுத்தப்படுகின்றன. ஏவும் நாளன்று நாட்டின் பெரும் பதவியினர் வருவர். பாதுகாப்புக் கருதி மீனவரைக் கடலுக்குள் செல்ல வேண்டா என்று அறிவிப்பர். அது தேவையே, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒருவர் வருகைக்காக மற்றொருவர் ஒருநாட் பாட்டை இழந்து கரையில் நிற்கிறார் என்பதையும் வருபவர் அறிந்திருத்தல் நன்று. மீனவர் கரையில் நின்று அண்ணாந்து பார்த்து மகிழ்கிறார்கள் என்பதும் உண்மை. அந்தப் புகைக்கோட்டைச் சிறுவனாக நானும் அவர்களோடு நின்று பார்த்திருக்கிறேன்.

அதே மண்ணில் நிகழ்ந்த ஒன்றைத்தான் என் மாணவர்க்கு நான் அடிக்கடி சொல்வது. 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி விண்ணை எட்டாமல் வங்கக் கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநர் இராமேசுவரத்து மரைக்காயர் வீட்டுப் பிள்ளை அப்துல் கலாம். செய்தியாளர்கள் திரண்டிருந்தனர். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான் தாமே அவர்கள்முன் சென்று தோல்வியை ஏற்றுக்கொண்டு, தம் குழுவினர்மேல் முழு நம்பிக்கை உண்டு என்றார். 1980 சூலை 18ஆம் நாள் ஏவூர்தி வென்றது. ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் அமர்ந்தது. அன்று தவான், செய்தியாளரைச் சந்திக்கும் பொறுப்பைக் கலாமிடம் கொடுத்துத் தாம் பின்னே நின்றார். கலாம் குடியரசுத் தலைவரான பின்னும் இதனை மேடைதோறும் சொல்லி வந்தார். 2002இல் அந்த ஏவுதளத்துக்குத் தவான் பெயர் சூட்டப்பட்டது. பழி வரும்போது முன்வரிசை, புகழ் வரும்போது பின்வரிசை. ஏரியின் இக்கரையில் பெரியதனம் என்று வழங்கும் சொல்லுக்கு அக்கரையில் கிடைத்த உரை என்றே இதனை நான் கொள்கிறேன்.

என் வாதம் இதுதான். வி.ஐ.பி. என்ற சொல் ஒருவர் எவற்றினின்று விலக்குப் பெற்றவர் என்பதை அளக்கிறது: வரிசையில் நிற்பதினின்று விலக்கு, சோதனையினின்று விலக்கு, காத்திருப்பதினின்று விலக்கு. நம் கடற்கரைச் சொற்கள் ஒருவர் எவற்றுக்குக் கட்டுப்பட்டவர் என்பதை அளக்கின்றன. முன்னதை வைத்துப் பின்னதை மொழிபெயர்க்க முயலும்போது நம் சொற்களும் கெடுகின்றன. 'பெரியவர்' என்று நாம் இன்று ஒருவரைச் சுட்டும்போது அவருடைய வண்டியைத்தான் முதலில் பார்க்கிறோம்.

அரசும் சட்டமும் இதனைக் காணாமல் இல்லை. அரசு பட்டங்கள் வழங்குவதை நம் அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு விலக்கியது. கல்வி, படைத்துறைச் சிறப்புகள் மட்டுமே விதிவிலக்கு. பத்ம விருதுகள் பட்டங்கள் அல்ல, ஆகவே பெயரின் முன்னும் பின்னும் அவற்றைச் சேர்த்தெழுதலாகாது என 1995இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனினும் நம் அழைப்பிதழ்கள் அத்தீர்ப்பைப் படித்ததாகத் தெரியவில்லை. சிவப்புச் சுழல்விளக்கு பொருத்தும் உரிமையை 2013 திசம்பரில் அதே நீதிமன்றம் சுருக்கியது. 2017 மே முதல் நாளிலிருந்து அவ்விளக்கை எல்லா உயர் பதவியினர் வண்டிகளிலிருந்தும் மைய அரசு அகற்றியது. அதற்கு முந்தைய நாள் வானொலி உரையில் பிரதமர், ஒவ்வோர் ஆளும் முக்கியமானவர் என்னும் பொருளில் 'ஈ.பி.ஐ.' என்றொரு மாற்றுச் சுருக்கத்தையும் முன்வைத்தார். விளக்கு போயிற்று. மாற்றுச் சுருக்கமோ மக்கள் நாவில் ஏறவில்லை. ஆணையால் விளக்கைக் கழற்றலாம்; சொல்லை யாரேனும் பயன்படுத்தினால்தான் மாற்றலாம்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று சில பெரியோர் கேட்கக்கூடும். பழவேற்காட்டுக்கு அது வாழ்வுச் சிக்கல். முகத்துவாரம் மணல்மேடிட்டு அடைபட்டால் கடல்நீர் உள்ளே வருவதும் ஏரிநீர் வெளியேறுவதும் தடைப்படும், மீன்வளம் குன்றும். எந்தக் காற்றில் மணல் சேரும், எந்த மாதத்தில் வாய் குறுகும் என்பதைக் கரையில் உள்ள முதியவர் ஒருவர் விரல்விட்டுச் சொல்வார். பெருந்திட்டங்கள் வரும்போது மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் குறித்து 2021 சனவரியில் நடைபெறவிருந்த அத்தகைய கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. திட்டம் வேண்டும், வேண்டா என்று தீர்ப்பளிக்கும் தகுதி தமிழாசிரியனுக்கு இல்லை. ஆனால் அத்தகைய கூட்டம் எப்போது கூடினாலும் அங்கே யார் முக்கியமானவர் என்னும் கேள்விக்கு விடை முன்வரிசை நாற்காலியில் ஒட்டிய தாளில் இராது என்று சொல்லும் தகுதி உண்டு. முகத்துவாரத்தை அறிந்தவரைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டுப் பிரமுகரிடம் கருத்துக் கேட்பதால் ஏரிக்கு வாய் திறக்காது.

பள்ளிவாசலில் முன்வரிசை முன்வந்தவருக்கு உரியது. செல்வர் பிந்தி வந்தால் பின்னேதான் நிற்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஐந்து வேளை அவ்வாறு நின்று பழகிய நாம், கல்லூரி அரங்குக்குள் நுழைந்ததும் அப்பழக்கத்தைச் செருப்போடு வாயிலில் விட்டுவிடுகிறோமே, அது ஏன்? விருந்தினரை மதித்தல் வேண்டா என்பதன்று என் கருத்து. தொலைவிலிருந்து வருபவர்க்கும் முதியவர்க்கும் இடம் வைப்பது பண்பாடு. அதற்கு 'விருந்தினர்' என்னும் சொல் போதும். புதுமை என்னும் பொருளில் பிறந்து, புதிதாய் வந்தவர் எவரையும் அணைத்துக்கொள்ளும் சொல் அது. இவ்வாண்டுத் துறை விழாவுக்கு அவ்வாறே எழுதி ஒட்டலாம் என்று துறைக் கூட்டத்தில் முன்மொழிந்தேன். ஒருவர் மட்டும், வருபவர் வருந்துவாரே என்று தயங்கினார். மற்றவர் இசைந்தனர். ஓலைப்பெட்டி முடைந்தவர்களின் பெயர்களை நிகழ்ச்சிநிரலில் அச்சிடவும் முடிவாயிற்று.

அம்மாணவன் இன்று ஓர் ஊரில் பள்ளியாசிரியன். அவன் தந்தையாரை முதல் வரிசைக்கு அழைத்து, என் கையாலேயே அழைப்பிதழும் எழுதி அனுப்பினேன். மகன் வழியாக மறுமொழி வந்தது. விழா நாளன்று அவருக்குப் பாடு வருகிறதாம். விட்டால் அடுத்த முறைக்கு வெகுநாள் ஆகும், ஆகவே வர இயலாது, தப்பாக நினைக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பியுள்ளார்.